லெனார்ட் கோஹனின் லண்டன் கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெனார்ட் கோஹன் 2008இல் லண்டனில் பாடிய கச்சேரியின் பதிவை, பாட்டு கேட்கும் பழக்கம் உள்ள யாரைச் சந்தித்தாலும் பார்க்கச் சொல்வேன். முழுசாகப் பார்த்தவர்களும் சரி, பாதியில் நிறுத்தியவர்களும் சரி, திரும்பி வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். மல்லுக்கட்ட வேண்டியவை போகப் போக வரும்.

யாருங்க இந்த லெனார்ட் கோஹன்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1934இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் கவிஞர், முதல் கவிதைத் தொகுப்பு 1956இல் வந்தது. பிறகு இரண்டு நாவல்கள். கிரேக்க நாட்டில் ஹைட்ரா என்ற சின்னத் தீவில் வீடு வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் எழுதினார். எழுத்தை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்று தெரிந்து பாட்டுப் பக்கம் வந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டார். முதல் ஆல்பம் 1967 டிசம்பரில் வெளியானபோது வயது 33. பாப் உலகத்தில் அது தாமதம்தான்.

அவரைத் தெரியாது என்பவர்களுக்கும் 'ஹல்லேலூயா' பாட்டு தெரிந்திருக்கும். 'ஷ்ரெக்' படத்தில் வருமே, அதேதான். எழுதியவர் இவர். 2016 நவம்பர் 7 அன்று, 82 வயதில் காலமானார்.

எந்தக் கச்சேரியைச் சொல்றீங்க? அவர் பேர்ல நிறைய பதிவு இருக்கே.

2008 ஜூலை 17, லண்டன், ஓ2 அரங்கம். தேம்ஸ் ஆற்றங்கரையில், கிரீனிச் பகுதியில், 2000ஆம் ஆண்டு பிறப்பதைக் கொண்டாட எழுப்பிய பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் பிற்பாடு அமைத்த அரங்கு அது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். அன்று பாடியதை 'லைவ் இன் லண்டன்' என்ற பெயரில் 2009 மார்ச்சில் இரட்டை சிடியாகவும் டிவிடியாகவும் வெளியிட்டார்கள். மேடையேறிய அன்று அவருக்கு 73 வயது. 74 பிறக்க இரண்டு மாதம் இருந்தது.

73 வயசுல எதுக்கு மறுபடி வந்தார்? பணம் போயிடுச்சுன்னுதானே?

பணம் போனது உண்மை. 1990களின் நடுவில் கோஹன் மேடையை விட்டு விலகி, லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே மவுண்ட் பால்டி மலையில் இருக்கும் ஜென் பௌத்த மடத்தில் சுமார் ஐந்து வருடம் தங்கினார். துறவியாகவே தீட்சை பெற்றார். மலையிலிருந்து இறங்கி வந்து சில வருடம் கழித்து, 2004 வாக்கில்தான் தெரிந்தது, வயதான காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பு ஏறக்குறைய மொத்தமும் காலி என்று. அவருடைய வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மீது வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் சுமார் 90 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை. ஆகவே 2008 சுற்றுப்பயணத்துக்குப் பணத் தேவை ஒரு காரணம். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஆனால் பணத்துக்காக மட்டும் வருகிறவர் இப்படி வர மாட்டார். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். எடுத்தவுடன் பெரிய அரங்குகளுக்குப் போகாமல், 2008 மே 11 அன்று கனடாவின் ஃபிரெடரிக்டன் என்ற சின்ன ஊரில், சில நூறு பேர் மட்டும் கொள்ளும் அரங்கில் ஆரம்பித்தார். 15 வருடம் மேடையேறாத மனிதர். கூட்டம் தன்னை ஏற்றுக்கொள்ளுமா என்ற பயம் இருந்திருக்கும். விட்ட பணத்தைச் சம்பாதித்த பிறகும் நிறுத்தவில்லை. 2013 டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கடைசிக் கச்சேரியைப் பாடியபோது வயது 79.

குரலே இல்லையே! பேசுற மாதிரி இருக்கு. இதுல ரசிக்க என்ன இருக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் இந்தப் பக்கத்தைத் தொகுக்க முக்கியக் காரணமும் இதுதான். சங்கதி, பிருகா, மேல் ஸ்தாயி என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். 1967இல் அவர் குரல் மெலிசானது, கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். 1988 ஆல்பத்தில் அது பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. சிகரெட்டுக்கும் வயதுக்கும் அதில் பங்கு உண்டு. லண்டனில் இன்னும் ஒரு படி கீழே. எட்டும் சுரங்கள் குறைவு. அந்தச் சில சுரங்களுக்குள் அவர் செய்யும் வேலையைத்தான் கேட்க வேண்டும்.

மைக்கை உதட்டருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னால் வைப்பார். வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் அப்படியே விட்டுவிடுவார். மெட்டைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு பின்னால் நிற்கும் மூன்று பெண்களுடையது. அவர்கள் குரல் மேலே போகப் போக இவர் குரல் தரையில் நிற்கும். இந்த இடைவெளிதான் கச்சேரியின் ஒலி. 'டவர் ஆஃப் சாங்' பாட்டில், தங்கக் குரலோடு பிறந்துவிட்டேன், வேறு வழியில்லை என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த வரி வந்ததும் மொத்த அரங்கமும் ஆரவாரிக்கிறது. அத்தனை பேருக்கும் அந்தக் குரலின் எல்லை தெரியும். அதன்மேல் அவர்கள் வைத்திருக்கும் அன்பும் அந்த ஆரவாரத்தில் இருக்கிறது.

இன்னொன்று. 'சுசான்' பாட்டை முதல் ஆல்பத்திலும் இந்தக் கச்சேரியிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மாண்ட்ரியலில் ஆற்றங்கரை வீட்டில் ஒரு பெண் தேநீரும் ஆரஞ்சும் கொடுத்து உபசரித்ததைப் பற்றிய பாட்டு. 1967இல் பாடும்போது அது நேற்று மாலை நடந்த மாதிரி இருக்கிறது. 2008இல் பாட்டு அதேதான், ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நாளைக் கிழவர் ஒருவர் சரியாக ஞாபகம் வைத்திருப்பதாகக் கேட்கிறது. இரண்டாவதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இளம் வயதில் அவர் எழுதிய பல வரிகள் இந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தன என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு வரி பிடிபடாது. பார்த்தா புரியுமா?

மற்ற ஆங்கிலப் பாடகர்களைவிட இவர் சுலபம். மெதுவாகப் பாடுவார், சொல்லை விழுங்க மாட்டார். டிவிடியில் பார்த்தால் வாயசைவும் உதவும். இருந்தாலும் இரண்டு மூன்று பாட்டின் வரிகளை மட்டும் முன்கூட்டியே ஒரு தடவை படித்துவிடுங்கள், போதும். எல்லாவற்றையும் படித்துவிட்டு உட்கார்ந்தால் அது பரீட்சை ஆகிவிடும்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் பாட்டளவுக்கு வராது. ஒரு மழை நாளில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தார். 'ஹூ பை ஃபயர்' பாட்டுக்கு முன்னால் தந்தி வாத்தியம் மட்டும் நீண்ட நேரம் தனியாக ஒலிக்கும், அது முடிந்து கோஹன் பாட ஆரம்பித்ததும், "என்னமோ கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காரே, யாரைக் கேக்கறாரு?" என்றார். அந்தப் பாட்டு முழுக்கக் கேள்விதான். யூதர்கள் யோம் கிப்பூர் நோன்பு நாளில் சொல்லும் பழைய பிரார்த்தனை ஒன்று உண்டு. வரும் ஆண்டில் யார் நெருப்பால் சாவார், யார் நீரால், யார் பசியால் என்று அடுக்கிக்கொண்டே போகும். அந்த அடுக்கை எடுத்துத்தான் 1974இல் இந்தப் பாட்டை எழுதினார். அம்மாவுக்கு மொழி புரியவில்லை, பாட்டு புரிந்தது.

இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இரண்டாம் பாதியின் தொடக்கத்திலிருந்து. இடைவேளை முடிந்து வந்ததும் 'டவர் ஆஃப் சாங்'. கோஹன் ஒரு சின்ன கீபோர்டு முன்னால் நின்று, அதில் பதிந்துவைத்த இயந்திரத் தாளத்தை ஓடவிட்டு, நடுவில் ஒற்றை விரலால் எளிமையாக வாசிப்பார். கூட்டம் கைதட்டும். பாட்டின் கடைசியில், பிரபஞ்ச ரகசியங்களுக்கெல்லாம் தனக்கு இன்று விடை கிடைத்துவிட்டது, சொல்லட்டுமா என்று கேட்பார். அந்த விடை என்ன என்பதை இங்கே சொல்ல மாட்டேன். பின்பாட்டுப் பாடும் பெண்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். உடனே அடுத்து 'சுசான்' வரும்.

பிடித்திருந்தால் முதல் பாதியின் கடைசிப் பாட்டான 'ஆந்தம்', அப்புறம் 'ஹல்லேலூயா', 'இஃப் இட் பி யுவர் வில்'. இவ்வளவும் அரை மணி நேரச் சொச்சம். அதற்கு மேல் உங்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக, வரிசை மாற்றாமல் பாருங்கள். வரிசையை யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

எதுக்கு அடிக்கடி தொப்பியைக் கழட்டி நிக்கிறார்?

மரியாதைக்காக. தான் பாடும்போது தொப்பி தலையில் இருக்கும். மற்றவர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் அது கைக்கு வந்து நெஞ்சருகே போகும். வாசிப்பவரின் பக்கமே திரும்பி, தலை குனிந்து, அது முடியும்வரை அப்படியே நிற்பார். கேமரா விலகிப் போய்த் திரும்பி வந்தாலும் அவர் நிலை மாறியிருக்காது. சில பாட்டில் முழங்காலிட்டே பாடுவார், எழுந்திருப்பார், மறுபடி முழங்காலிடுவார். எழுபத்து மூன்று வயது முழங்கால்.

இந்தப் பணிவு நடிப்பா என்று சிலர் கேட்பதுண்டு. அதற்குப் பதில் கீழே வசனம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

கூட வாசிக்கிறவங்க யாரெல்லாம்? அந்த கிட்டார் மாதிரி வாத்தியம் என்ன?

அந்த வாத்தியங்களை வாசிப்பவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹாவியர் மாஸ். பந்தூரியா, லாவுத், ஆர்ச்சிலாவுத், பன்னிரண்டு தந்தி கிட்டார் என்று மாற்றி மாற்றி எடுப்பார். முதல் இரண்டும் ஸ்பெயினின் நாட்டார் இசையில் புழங்கும் வாத்தியங்கள். இரட்டை இரட்டையாகத் தந்தி கட்டியிருக்கும், அதனால்தான் அந்த மினுமினுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தே வாசிப்பார். கோஹன் அவர் எதிரே குனிந்து பாடும் இடங்கள்தான் இந்தப் பதிவிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை.

இசைக்குழுவை நடத்துபவர் பாஸ் கிட்டார் வாசிக்கும் ராஸ்கோ பெக். ஹாமண்ட் ஆர்கன் நீல் லார்சன். கிட்டார் பாப் மெட்ஸ்கர். டிரம்ஸ் ரஃபேல் கயோல். சாக்ஸபோன் முதலான ஊதுவாத்தியங்கள் டீனோ சோல்டோ. பாடும் பெண்களில் ஷாரன் ராபின்சன் வெறும் பின்பாட்டுக்காரர் இல்லை. 'எவ்ரிபடி நோஸ்', 'இன் மை சீக்ரெட் லைஃப்', 'பூகி ஸ்ட்ரீட்' ஆகியவற்றைக் கோஹனோடு சேர்ந்து உருவாக்கியவர். 'பூகி ஸ்ட்ரீட்'டை மேடையில் அவரே பாடுகிறார். மற்ற இருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வெப் சகோதரிகள், ஹாட்டியும் சார்லியும்.

கச்சேரி முடியும் தறுவாயில் 'ஐ ட்ரைட் டு லீவ் யூ' வரும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் விடுகிற மாதிரி, அதில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சுற்று உண்டு. இவர்கள் யாரையும் கேள்விப்படாத நிலையில் பார்க்க ஆரம்பிப்பவர்கள்கூட அந்தப் பாட்டு வரும்போது ஒவ்வொரு கையையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆளாளுக்குப் பெயர் சொல்லி, அடைமொழி சொல்லி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அவர் அறிமுகப்படுத்தியதன் பலன் அது.

சாஞ்சு படுத்துக் கேட்டா போதாதா? வீடியோ எதுக்கு?

முதல் தடவை வீடியோ. காரணம் மேலே தொப்பிக் கேள்வியிலேயே இருக்கிறது. அதெல்லாம் காதுக்குத் தெரியாது. அதற்கப்புறம் படுத்துக்கொண்டே கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். அவர் குரலின் கீழ்ப்பகுதி அதில் வரவே வராது, வெறும் முணுமுணுப்புதான் மிஞ்சும். சாதாரண ஒயர் வைத்த இயர்ஃபோன் போதும்.

ஸ்டூடியோவுல பாடினதுதானே அசல்? இது சும்மா மேடை நகல்தானே?

பெரும்பாலான பாடகர்களுக்கு அப்படித்தான். இவர் விஷயம் கொஞ்சம் வேறு. 1980களிலிருந்து கோஹனின் ஆல்பங்களில் மலிவான கீபோர்டும் டிரம் மெஷினும்தான் பெரும்பங்கு. பாட்டு அபாரமாக இருக்கும், சுற்றி இருக்கும் ஒலி அந்தந்த வருடத்தோடு ஒட்டிக்கொண்டு பழசாகிவிட்டிருக்கும். லண்டனில் அதே பாட்டுகளுக்கு ஆர்கனும் லாவுத்தும் மூன்று பெண் குரலும் கிடைக்கின்றன. 'ஆந்தம்', 'டேக் திஸ் வால்ட்ஸ்', 'இன் மை சீக்ரெட் லைஃப்' மூன்றும் எனக்கு இப்போது இந்த வடிவத்தில்தான் காதில் ஒலிக்கின்றன.

விதிவிலக்கும் உண்டு. 'ஃபர்ஸ்ட் வி டேக் மன்ஹாட்டன்' 1988 ஆல்பத்தில் இருப்பதே மேல். மிரட்டும் பாட்டு அது, இயந்திரத் தாளம்தான் அதற்குப் பொருத்தம். மேடையில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது கொண்டாட்டமாக மாறி, மிரட்டல் குறைந்துவிடுகிறது.

ஹல்லேலூயாவை ஜெஃப் பக்லி பாடினதுதான் பெஸ்ட். கோஹன் பாடினதை எதுக்குக் கேட்கணும்?

இந்தப் பாட்டின் கதையே விசித்திரம். 1984இல் இது இடம்பெற்ற ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய இசைத்தட்டு நிறுவனமே மறுத்துவிட்டது. 1991இல் வேல்ஸ் நாட்டுப் பாடகர் ஜான் கேல் பியானோவோடு பாடினார். கோஹன் அனுப்பிய ஏராளமான சரணங்களிலிருந்து தனக்குப் பிடித்தவற்றை அவர் தேர்ந்தெடுத்தார். அதைக் கேட்டுத்தான் அமெரிக்க இளம் பாடகர் பக்லி 1994இல் பாடினார். லண்டன் கச்சேரி நடந்த அதே வருட டிசம்பரில், தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியது பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்திலும், பக்லி பாடியது இரண்டாம் இடத்திலும் இருந்தன. கோஹனுடையது முப்பதுகளில் எங்கோ இருந்தது. எழுதி 24 வருடம் கழித்து.

பக்லியுடையது அழகானது, மறுக்கவில்லை. அது ஓர் இளைஞன் ராத்திரியில் தனியாகப் பாடுவது. காதலின் வலி புத்தம் புதிதாக இருக்கிறது. லண்டனில் கேட்பது வேறு பாட்டு. தோற்றதையெல்லாம் எண்ணி முடித்துவிட்டு, அதற்கப்புறமும் நின்று துதிக்கிற ஆளின் பாட்டு. கடைசிச் சரணத்தில், உங்களை ஏமாற்ற நான் வரவில்லை என்ற பொருள் வரும் வரியில் லண்டன் என்ற ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பாடுவார், அரங்கமே பதில் குரல் கொடுக்கும். லார்சனின் ஆர்கன் அந்த இடத்தில் ஏறும் ஏற்றத்துக்காகவே நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எனக்கு லண்டன்.

ஹல்லேலூயான்னா அது சர்ச் பாட்டுதானே?

சொல் எபிரேயத் துதிச்சொல். பாட்டில் விவிலியத்தின் தாவீது அரசரும், அவர் மாடியிலிருந்து குளிக்கக் கண்ட பெண்ணும், சிம்சோனின் முடி வெட்டப்பட்டதும் வருகின்றன. ஆனால் தேவாலயத்தில் பாடுவதற்காக எழுதியது அல்ல. காமமும் பிரார்த்தனையும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. ஆண்டாள் பாசுரங்களைப் படித்தவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சி தராது.

முதல் பாட்டு கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு. சந்தோஷமா ஆரம்பிக்கிறாரோ?

'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்' உண்மையிலேயே வெளிநாட்டுக் கல்யாணங்களில் ஒலிக்கும் பாட்டு. அது எங்கிருந்து வந்தது என்று கோஹன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாஜி வதைமுகாம்கள் சிலவற்றில், உள்ளே ஆட்களைக் கொன்று எரிக்கும் நேரத்தில், கைதிகளில் சிலரை வயலின் முதலானவற்றை வாசிக்க வைத்திருக்கிறார்கள். வாசித்தவர்களுக்கும் அதே கதிதான் காத்திருந்தது. பாட்டில் வரும் எரியும் வயலின் அங்கிருந்து வந்தது.

இதைத் தெரிந்துகொண்டபின் காதல் பாட்டாகக் கேட்க முடியாதே என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். முடியும். கோஹனே, எழுந்த இடம் எதுவானாலும் காதலுக்கும் அதே மொழிதான் என்ற அர்த்தத்தில்தான் பேசினார். மேடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து முதலில் இதைப் பாடுகிறார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சோகமாமே. மனசு சரியில்லாதப்போ கேட்கலாமா?

கோஹனுக்கு இளமையிலிருந்தே மன அழுத்த நோய் இருந்தது. பாட்டில் அது தெரியும். ஆனால் இந்தக் கச்சேரி சோகமானதல்ல. தொடக்கத்திலேயே, லண்டனில் கடைசியாக நின்றபோது தனக்கு 60 வயது என்றும், அப்போது தான் கனவு காணும் சிறு பையன் என்றும் சொல்லிவிட்டு, அதன்பின் சாப்பிட்ட மனநோய் மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். மதங்களையும் தத்துவங்களையும் ஆழமாகப் படித்தும் பார்த்தேன், ஆனால் உற்சாகம் எப்படியோ உள்ளே புகுந்துகொண்டே இருந்தது என்று முடிப்பார். அரங்கம் அதிரும்.

உற்சாகம் எப்படிப் புகுந்தது என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு பதில் உண்டு. 1999இல் மலையிலிருந்து இறங்கியவர் நேராக மும்பை வந்தார். பாங்க் ஆஃப் இந்தியாவில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற ரமேஷ் பல்சேகர் தன் வீட்டில் அத்வைதம் பேசிக்கொண்டிருந்தார். தினமும் போய் உட்கார்ந்து கேட்டார் கோஹன். அந்தக் காலத்தையொட்டித்தான் பல வருட மன அழுத்தம் மெல்ல விலகியது என்று பிற்பாடு சொன்னார். ஆகவே, மனசு சரியில்லாதபோது தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நோய் என்று படும் அளவுக்கு இருந்தால் பாட்டை நம்பி இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

ஒவ்வொரு ஊர்லயும் அதே வசனம், அதே ஜோக்தானாமே. அப்போ எல்லாம் நடிப்புதானே?

ஆமாம், அதே வசனங்கள்தான். அந்தச் சுற்றுப்பயணத்தின் மற்ற ஊர்ப் பதிவுகளையும் பார்த்தால் தெரிந்துவிடும்: மாத்திரைப் பட்டியல், பிரபஞ்ச ரகசியம், தொப்பி கழட்டும் இடம் எல்லாம் திரும்ப வரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் கொஞ்சம் மனம் உடைந்துதான் என்னிடம் வருகிறார்கள்.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. கோஹன் ஒரு வரியைச் சரிசெய்ய வருடக்கணக்கில் உட்கார்ந்த ஆள். 'ஹல்லேலூயா'வுக்கு எழுதிக் குவித்த சரணங்கள் எத்தனையோ. அப்படிப்பட்டவர் இடையில் பேசும் நான்கு வாக்கியத்தை மட்டும் வாய்க்கு வந்தபடி விட்டுவிடுவாரா? அதையும் பாட்டாகத்தான் செய்திருக்கிறார். பணிவும் அப்படியே. தினமும் அதே நேரத்தில் தொப்பியைக் கழற்றுவது பழக்கம்தான். ஐந்து வருடம் மடத்தில் விடியற்காலையில் எழுந்து வணங்கி உட்கார்ந்தவருக்கு, திரும்பத் திரும்பச் செய்வதால் ஒரு வணக்கம் பொய்யாகிவிடாது என்று தெரியும். லாவுத் ஒலிக்கும்போது அவர் முகத்தை அருகில் காட்டுகிறார்கள். அந்த முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எத்தனையாவது ஊராக இருந்தால் என்ன?

நேர்ல பார்க்காத கச்சேரியை டிவியில பார்க்குறது பாதி அனுபவம்தானே?

அரங்கின் கடைசி வரிசையில் இருந்தவருக்குத் தொப்பி ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். நமக்கு முகம் கிடைக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வாய்ப்பு நமக்கு இல்லை, அது பெரிய இழப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

அதில் கொஞ்சம் மீட்க முடியும். 'இஃப் இட் பி யுவர் வில்' பாட்டில் கோஹன் முதல் வரிகளை வெறுமனே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஹாட்டி வெப் யாழை மீட்ட, சகோதரிகள் இருவரும் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தைக் கவனியுங்கள்: அவ்வளவு பெரிய அரங்கில் இருமல் சத்தம்கூட எழவில்லை. யாராவது இன்னொருவரோடு சேர்ந்து பாருங்கள். தனியாகப் பார்ப்பதைவிட அது எப்போதும் நன்றாக இருக்கிறது.

கடைசியில எல்லாரும் சேர்ந்து பாடுறாங்களே, அது என்ன பாட்டு? எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு.

'விதர் தௌ கோயெஸ்ட்'. கோஹன் எழுதியதல்ல. வார்த்தைகள் விவிலியத்தின் ரூத் புத்தகத்திலிருந்து வந்தவை. "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கும், அதனால் கேட்ட மாதிரி இருந்திருக்கும். கணவனை இழந்த மருமகள் மாமியாரைப் பார்த்துச் சொல்வது. மேடையில் எல்லோரும் ஒன்றாக நின்று பாடி, அதோடு விடைபெறுகிறார்கள்.

பிடிச்சிருச்சு. அடுத்து என்ன பார்க்கலாம்?

இதே குழுவின் ஒலியை இன்னும் கேட்க வேண்டுமென்றால் 2010இல் வந்த 'சாங்ஸ் ஃப்ரம் தி ரோட்'; பல ஊர்களில் பதிவானவற்றின் தொகுப்பு. 2013 செப்டம்பரில் டப்ளினில் பாடியதும் முழுக் கச்சேரியாகக் கிடைக்கிறது. அதில் வயலின் சேர்ந்திருக்கும், குரல் இன்னும் இறங்கியிருக்கும். லண்டனுக்குப் பிறகு பார்க்க அதுவே முதல் தேர்வு.

அப்புறம் 1970இல் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த இசைத் திருவிழாவின் பதிவு. இதுவும் 2009இல்தான் வெளியானது. லட்சக்கணக்கான கூட்டம், வேலியை உடைத்து, தீ வைத்து, பாடகர்களை விரட்டிய இரவு. விடியலுக்கு முந்தைய நேரத்தில் 35 வயதுக் கோஹன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, சின்ன வயதில் அப்பாவோடு சர்க்கஸ் போன கதையைச் சொல்லி, ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்தச் சொல்கிறார். கூட்டம் அடங்குகிறது. 38 வருடம் கழித்து லண்டனில் அவர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் எடுத்தவுடன் இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பதிவும் பாட்டும் கரடுமுரடு. லண்டனை இரண்டு தடவையாவது பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.